ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி

"நிஜமாவே இங்கிலாந்துக்குத் திரும்பிப் போறீங்களா, பெர்னார்ட்?" என்று கேட்டபடி மொரீன் அவர் தட்டில் இன்னொரு துண்டு மாட்டிறைச்சியை வைத்தார்.

"ஆமா மொரீன். வயசாகுதில்ல? ஊர் நினைப்பு வந்துக்கிட்டே இருக்கு" என்றார் பெர்னார்ட்.

சொன்னது அத்தனையும் பொய். அவர் போகப்போவது சொந்த ஊரான லீட்ஸுக்கு அல்ல. இதே தாய்லாந்தில், இப்போது குடியிருக்கும் ஹுவா ஹின்னிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கும் பிரச்சுவாப்புக்கு. அங்கே வீடு பார்த்தாகிவிட்டது.

வெளியே வெயில் முப்பத்தாறு டிகிரி. காலை ஏழு மணியிலிருந்து எரிந்த ஓவனின் புண்ணியத்தில் உள்ளே அதற்கும் மேல். உருளைக்கிழங்கு, வேகவைத்த முட்டைக்கோஸ், எல்லாவற்றின் மேலும் கெட்டியாகக் குழம்பு. பெர்னார்டுக்குக் காதோரம் வியர்வை வழிந்தது.

"யோசிச்சுக்கோங்க. அங்க டாக்டரைப் பார்க்கணும்னா மூணு வாரம் ஆகும். இங்க போன உடனே பார்த்துடறாங்க" என்றார் மொரீன்.

"அதான் எனக்குப் பிடிக்கல. காத்திருந்து பார்த்தாத்தானே டாக்டருக்கு ஒரு மரியாதை?"

"குளிரு?"

"ரெண்டு கம்பளிச் சட்டை போட்டா போச்சு."

"மழை?"

"மழை பெஞ்சா பேசறதுக்கு ஒரு விஷயமாவது கிடைக்கும். இங்க தினமும் வெயில். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட நான் என்னத்தைப் பேச?"

மொரீன் சிரித்துவிட்டார். பெர்னார்டுக்கு மனசு கனத்தது. ஓய்வுபெற்ற அந்த நர்சம்மாவோடு பேசிக்கொண்டிருப்பது அவருக்கு உயிர். கடலை ஒட்டிய தன் சின்ன வீடும் அப்படித்தான். இரண்டையும் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறதே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

வினை நாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்றே, "இங்கிலாந்துல எதை விட்டுட்டு வந்தது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" என்று மொரீன் கேட்டார். ஒன்றுமே இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் சொந்த ஊர்க்காரியிடம் முகத்தில் அடித்தாற்போல் அப்படிச் சொல்ல முடியுமா? "ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துதான்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு மணிக்கு அழைப்பு வந்தது. அதன்பின் ஒரு ஞாயிறு தப்பவில்லை. வாரம் முழுக்கத் தெருமுனைக் கடையில் நூடுல்ஸும் பப்பாளிக்காய் சாலடும் ருசித்துச் சாப்பிடும் பெர்னார்ட், ஞாயிறன்று மட்டும் மாட்டிறைச்சியைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவார். தள்ளிவிட்டு, "பிரமாதம் மொரீன்!" என்பார். வேண்டாம் என்று சொல்ல இங்கிலாந்துக்காரருக்கு வாய் வராது. வீட்டைக் காலி செய்வது அதைவிடச் சுலபம்.

"இனிமே நான் யாருக்குச் சமைக்கறது?" மொரீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெர்னார்ட் கொஞ்சம் ஆடித்தான் போனார். ஆனால் அதற்குள் மொரீன் விமான நிலையம் போகும் ரயிலில் சாப்பிட இரண்டு டப்பா கட்டிக் கொடுத்துவிட்டதால் மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

பிரச்சுவாப்புக்கு வந்த மூன்றாவது ஞாயிறு. மணி ஒன்று. கடற்கரையோர நூடுல்ஸ் கடையில், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, பெர்னார்ட் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சொர்க்கம் என்றால் இதுதான் என்று நினைத்தார்.

"எனக்குக் காரம் தூக்கலா போடுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேசியது தாய்லாந்து மொழி, இழுவை லீட்ஸ் பக்கத்து யார்க்ஷயர் இழுவை.

பெர்னார்ட் திரும்பினார். மொரீன்!

துரத்திக்கொண்டே வந்துவிட்டார் என்றுதான் பெர்னார்ட் முதலில் நினைத்தார். ஆனால் மொரீனின் முகமும் அல்லவா மிளகாயாகச் சிவந்திருந்தது?

"நீங்க... லீட்ஸ்ல இல்ல இருக்கணும்?"

"நீங்க... ஹுவா ஹின்ல?"

இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

"நல்ல வெயில்" என்றார் பெர்னார்ட்.

"ஆமா, நல்ல வெயில்" என்றார் மொரீன். அப்புறம் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உண்மையைச் சொல்லிடறேன் பெர்னார்ட். நீங்க கிளம்பறேன்னு சொல்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இந்த ஊர்ல நான் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துட்டேன். அந்த வெயில்ல ஓவன் முன்னாடி நின்னு நின்னு என் உயிரே போச்சு. எனக்கு மாட்டிறைச்சி பிடிக்கவே பிடிக்காது. ஆனா நீங்க அந்த ஒரு வேளை சாப்பாட்டுக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கற மனுஷன். உங்ககிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது? அதான் சொல்லாம கொள்ளாம ஊரையே மாத்திடலாம்னு..."

பெர்னார்டுக்குத் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. தானும் ஒரே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். இருவருக்கும் விடுதலை. இனி தினமும் இதே கடையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து நிமிர்ந்தார்.

"என் சமையல் அவ்வளவு மோசமா ஒண்ணும் இல்லையே?" என்று மொரீன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மோசமா? இந்த மூணு வாரமா எனக்கு அதே நினைப்புதான், மொரீன்" என்றார் பெர்னார்ட்.

மொரீன் ஆவி பறக்க வந்த நூடுல்ஸைத் தள்ளி வைத்தார்.

"அப்படின்னா வர்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு வந்துடுங்க" என்றார், செத்த குரலில்.