இறக்கைக்குச் சொந்தக்காரர்

ரொறன்ரோ விமானக் கொட்டகையொன்றில் இழுவை வண்டியைப் பின்னுக்கு எடுத்த அகஸ்ரின், பேசாமல் நின்ற குட்டி விமானமொன்றின் இறக்கையை நசுக்கிவிட்டார். சொந்தக்காரர் மன்னித்தால்தான் வேலை தப்பும். ஆனால் சொந்தக்காரராகப் பதிவில் இருந்ததோ ஓர் அமெரிக்க ட்ரஸ்ட் நிறுவனம்.

“நாங்கள் பெயருக்குத்தான். உண்மையான சொந்தக்காரர் வெளிநாட்டவர் என்பதால் எங்கள் பெயரில் பதிந்திருக்கிறது. அரசாங்கம் கேட்டால்தான் ஆளைச் சொல்வோம்” என்று சொல்லி ட்ரஸ்ட்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள்.

அகஸ்ரின், விமானம் வாங்கி விற்கும் மனைவியின் தம்பி றொய்சனை அழைத்து விமானத்தின் பதிவு இலக்கத்தைச் சொன்னார். றொய்சன் அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னான்.

“ஆரடா அந்த மனிசன்? காலில விழுந்தெண்டாலும் மன்னிப்புக் கேக்கிறன்.”

“உங்கட காலில நீங்களே எப்பிடி அத்தான் விழுவியள்? அது நான் என்ர மனிசிக்குத் தெரியாமல் உங்கட பேரில வாங்கினது. என்ர பிள்ளையின்ர ஞானஸ்நான விருந்தில நான் நீட்டின பேப்பரில வாசிக்காமல் கையெழுத்து வைச்சனீங்களெல்லே? சொந்தக்காரர் நீங்கள்தான்.”