குழியில் கிடைத்த பாட்டில்

பைப்லைன் குழியில் கிடைத்த பழைய மருந்துப் பாட்டிலை செல்வசிங் சமையலறையில் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துன்னு எழுதிருக்கு. இது இருந்தா நர்ஸுக்கு வேலையே இல்ல, கனி!"

சிரித்துக்கொண்டே டூட்டிக்குப் போனவர் சைட்டிலேயே மாரடைப்பில் இறந்துபோனார்.

ஊரில் அடக்கத்தை முடித்துவிட்டு ஷார்ஜா திரும்பிய அவர் மனைவி தேவகனி, ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வாய் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, செல்வசிங்கோடு வேலை பார்த்த பழனிச்சாமி மண் அப்பிய பாட்டிலோடு வந்தான்.

"குழியில கெடைச்சுதுக்கா. எந்தக் காலத்துதுன்னு அண்ணன்தான் சொல்லுவாரு. இனிமே நீங்கதான் சொல்லணும்."

பழைய பாட்டில்களைப் பற்றிக் கணவர் குறித்துவைத்திருந்த நோட்டைப் புரட்டி, கண்ணாடியில் புடைத்திருந்த கம்பெனிப் பெயரைப் போனில் தேடினாள். பழைய விளம்பரம் ஒன்று அகப்பட்டதும் அவளுக்குப் பேச்சு வந்தது. வெள்ளிதோறும் ஒரு பாட்டில் வந்தது.

ஆறாவது பாட்டிலை அவன் எதிரிலேயே கழுவினாள். மண் ஒரே அலசில் போய்விட்டது. புதைந்து கிடந்த கண்ணாடியில் படியும் மங்கலே இல்லை. அடியில் பழைய சாமான் கடை ஸ்டிக்கர்.

"ஏன் பழனி, குழிக்குள்ள கடை போட்டிருக்காங்களோ?"

அவன் தலையைச் சொறிந்தான். "குழிய மூடி ரெண்டு மாசம் ஆச்சுக்கா. நீங்க பேசணும்னு ரூம்ல எல்லாரும் சேர்ந்துதான் வாங்கினோம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருப்பீங்கடே. அடுத்த தடவ ஸ்டிக்கரக் கிழிச்சிட்டு மண்ணப் பூசுங்க."

பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பினாள். கண்ணாடி வார்த்த அச்சின் கோடு வாய்வரை ஏறாமல் கழுத்திலேயே நின்றிருந்தது. அப்படியென்றால் வாயைக் கையால் செய்திருக்கிறார்கள் என்று நோட்டில் இருந்தது. கடையில் வாங்கியதென்றாலும், அது நூறு வருடத்துக்கு முந்தைய பாட்டில்தான்.