டவுன்காரியோட ஹேண்ட்பேக்

"கிளம்பிட்டாங்க பாரு மகாராணி!"

ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சின்னவ பொருமினா.

வாசலுக்கு எதிர்லயே மினி பஸ். அதுல ஏறிட்டிருந்தது அவளோட ஓரகத்தி, பெரியவ. தேய்ச்ச புடவை, முகத்துல பவுடர், தோள்ல உப்பிப்போன ஒரு ஹேண்ட்பேக்!

ஊருக்குள்ள பஸ் வர ஆரம்பிச்சதே இப்பத்தான். டிக்கெட்டும் ஒரு டீ விலைதான். யாருக்கு விடிஞ்சுதோ இல்லையோ, பெரியவளுக்கு விடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை தவிர தினமும் சாயங்காலம் டவுனுக்குப் போவா, இருட்டுனதும் கடைசி ட்ரிப்புல திரும்புவா. தெருவே 'டவுன்காரி'ன்னு பேர் வச்சிருச்சு.

"படுத்த படுக்கையா கிடக்குற மாமனாரை காலையில அவங்க பாக்குறாங்களாம், சாயங்காலம் நான் பாக்கணுமாம். நல்ல நியாயம்!"

"ம்"னார் புருஷன், போனைப் பாத்துக்கிட்டே.

"என்ன ம்? நான் ஒரு ஐஸ்கிரீம் தின்னு எத்தனை நாளாச்சு தெரியுமா? அந்தப் பைக்குள்ள அப்படி என்னதான் கொண்டு போறாங்களோ!"

"ம்."

இருட்டுச்சு. கடைசி ட்ரிப் வந்துச்சு. பெரியவ இறங்கினா. பின்னாடியே சின்னவளோட பொண்ணும் இறங்கினா. டவுன்ல மருந்துக்கடையில வேலை அவளுக்கு. ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு!

சின்னவளுக்கு வயிறு எரிஞ்சுச்சு. பெத்தவ இங்க நிக்கிறேன், பெரியம்மாகூட என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?

"அக்கா, நாளைக்கு நான் டவுனுக்குப் போறேன். நீங்க மாமனாரைப் பாருங்க."

பெரியவ முகம் சட்டுனு மாறிச்சு. "நீயா? என்ன திடீர்னு?"

"ஏன், பஸ்ஸை உங்க பேர்ல பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா?"

"அம்மா, அது வந்து..."ன்னு பொண்ணு இழுத்தா. பெரியவ அவ கையை அமுக்கினா.

"போ, தாராளமா போ. ஆனா கடைசி ட்ரிப்புலதான் திரும்பணும். அதுக்கு முந்துன பஸ்ல ஏறிராத. போறேன்னு சொல்லிட்டு நடுவுல மனசும் மாறிராத, என்ன?"

ஓஹோ! முந்துன பஸ்ல வந்தா என்னமோ வெளிய வந்துரும்போல! சின்னவ மனசுக்குள்ளயே முடிச்சுப் போட்டுக்கிட்டா.

மறுநாள். பவுடர் என்ன பெரியவளுக்கு மட்டும்தான் சொந்தமா? ரெண்டு மடங்கா அப்பிக்கிட்டு பஸ் ஏறினா சின்னவ. டவுன் பஸ் ஸ்டாண்டுல இறங்குனதும் ஐஸ்கிரீம் கடைக்குப் போகல. நேரா டீக்கடை அம்மாகிட்டதான் போனா.

"ஏம்மா, எங்க ஊர் பஸ்ல தினம் ஒருத்தங்க வருவாங்களே, உப்பலா ஒரு பை மாட்டிக்கிட்டு? இறங்கி எந்தப் பக்கம் போவாங்க?"

"அந்தம்மாவா? எந்தப் பக்கமும் போக மாட்டாங்க. அதோ அந்த பெஞ்சுல உக்காந்து பூண்டு உரிப்பாங்க."

"என்னது?"

"பூண்டும்மா. பை நிறைய கொண்டு வருவாங்க. நான்கூட என் கடைக்குக் கொஞ்சம் உரிச்சு வாங்கியிருக்கேன். கடைசி பஸ் வந்ததும் ஏறிருவாங்க."

பூண்டு உரிக்க ஒருத்தி பஸ் ஏறி டவுனுக்கு வருவாளா? சின்னவ நம்பவே இல்ல. ஸ்டாண்டை நாலு சுத்து சுத்துனா. ஒண்ணும் சிக்கல. வாங்குன ஐஸ்கிரீம்கூட இறங்கல.

கடைசி ட்ரிப். வேலை முடிஞ்சு வந்த பொண்ணு பக்கத்துல உக்காந்தா. நேத்து சிரிச்ச சிரிப்புல பாதியைக் காணோம்.

"பெரியம்மான்னாதான் பேச்சு வருமோ?"

பொண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

மெயின் ரோட்டுல ஒவ்வொருத்தரா இறங்கி பஸ் காலியாச்சு. ஊருக்குப் பிரியுற முக்குல வண்டி நின்னுச்சு. கண்டக்டர் எட்டிப் பாத்தான்.

"உள்ள போறவங்க யாரு? ரெண்டு பேரா? சரி, திருப்புண்ணே!"

"அது என்னப்பா கணக்கு?"ன்னு கேட்டா சின்னவ.

"கடைசி ட்ரிப்புக்கு அப்படித்தான்மா ஆர்டர். ரெண்டு பேராவது இருந்தாத்தான் ஊருக்குள்ள போகணும். ஒரே ஆளுன்னா இங்கயே இறக்கி விட்டுருவோம்."

சின்னவ வெளிய பாத்தா. ரெண்டு பக்கமும் புதர். ஒரு லைட் இல்ல. வீடுங்க எங்கயோ தூரத்துல மினுக்குது.

"இங்கயா? இதுல யாரு நடப்பா?"

"இந்தப் பொண்ணுதான். வேலைக்குச் சேந்த புதுசுல தனியா நடந்துச்சு. எங்களுக்கே பாவமாத்தான் இருந்துச்சு, என்ன பண்றது?"

சின்னவ பொண்ணைத் திரும்பிப் பாத்தா.

"உன்கிட்ட சொன்னா வேலைக்கே போக வேணாம்னுருவம்மா. அதான் பெரியம்மாகிட்ட மட்டும் சொன்னேன்."

"அதுக்கு மறுநாள்லேர்ந்துதான் அந்தம்மா வர ஆரம்பிச்சாங்க"ன்னான் கண்டக்டர். "ரெண்டாவது ஆளா."

பஸ் உள்ள போச்சு. வீட்டு வாசல்ல பெரியவ கழுத்தை நீட்டிக்கிட்டு நின்னா. ரெண்டு பேரும் இறங்குறதைப் பாத்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்துச்சு.

"வந்துட்டீங்களா! டவுன் எப்படிடி இருந்துச்சு?"

சின்னவ முகத்தைத் துடைச்சா. பவுடரெல்லாம் கோடு கோடா இருந்துச்சு.

"நாளைக்கும் நானே போறேன்க்கா. பூண்டை மட்டும் பையில போட்டு வச்சிருங்க."