மேனேஜருக்குத் தெரிந்த இங்கிலீஷ்

"துணைக்கு ஆள் இல்லாம கோலனாஸ்கோபி பண்ண மாட்டோம்" என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். மயக்க ஊசி போட்டு, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். முடிந்ததும் யாராவது கூட இருந்து அழைத்துப் போக வேண்டுமாம்.

மகன் வெளியூரில். மனைவிக்கு முழங்கால் வலி. அவள் என்னைக் கேட்காமலே தன் தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அந்த ஆளை விட்டா வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி. அவளுக்கு இருக்கிறது ஒரே புருஷன்."

வந்து நின்றார் என் சகலை. பேங்க் மேனேஜர். என் லேத் பட்டறைத் திறப்பு விழாவில், போர்டில் இருந்த இங்கிலீஷ் தப்பை ஊரே கேட்க வாசித்துக் காட்டியவர். அன்றோடு பேச்சை வெட்டினேன். அவர் வீட்டு நல்லது கெட்டது எதுவும் என் காதுக்கு வரக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

"அண்ணே, இங்க உட்காருவோம்" என்று டாய்லெட் கதவுக்குப் பக்கத்து நாற்காலிகளைக் காட்டினார்.

"நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்காரு மேனேஜர்."

"நேத்து குடிச்ச பேதி மருந்து இன்னும் வேலை செய்யும்ணே."

சூடாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளே ஓட வேண்டியதாகிவிட்டது.

வெளியே வந்து பார்த்தால், டாக்டரோடு மேனேஜரின் இங்கிலீஷ் தூள் பறக்கிறது. ஹெமராய்ட்ஸ் என்கிறார், பாலிப் என்கிறார், பயாப்ஸி என்கிறார். டாக்டரும் மரியாதையாகத் தலையாட்டுகிறார். குடல் என்னுடையது, பெருமை இவருக்கு!

டாக்டர் நகர்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என் வயித்தைப் பத்தி எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?"

"ரகசியமெல்லாம் இல்லைண்ணே. ரத்தம் போறது மூலத்தால இருக்கலாம். ஹெமராய்ட்ஸ்னா அதுதான்."

"மூலம்னே சொல்லித் தொலைக்கலாமே. மத்தது?"

"பாலிப்னா குடலுக்குள்ள மரு மாதிரி. இருந்தா இன்னிக்கே எடுத்துடுவாங்க. சந்தேகம்னா துளி சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்புவாங்க. அது பயாப்ஸி."

"இதெல்லாம் எந்த பேங்க்ல சொல்லிக்குடுத்தாங்க?"

சிரித்தார்.

"சரி, டெஸ்ட்ல புத்துன்னு வந்தா?" கேட்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

"அந்த இடத்தை வெட்டி எடுத்துடுவாங்க. சிலருக்குக் கொலாஸ்டமி பண்ண வேண்டியிருக்கும்."

"அப்படின்னா?"

"வயித்துல ஒரு வழி வச்சு, வெளியே பை ஒட்டிடுவாங்க. மலம் அதுல சேரும்."

எழுந்துவிட்டேன். பின்பக்கம் திறந்துகொள்ளும் அந்தப் பாழாய்ப்போன ஆஸ்பத்திரி கவுனை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என் சட்டை எங்க? நான் வீட்டுக்குப் போறேன்."

"அண்ணே, அடுத்து கூப்பிடப்போறது உங்களைத்தான்."

"உள்ள போனாத்தானே கண்டுபிடிப்பாங்க? பையைக் கட்டிக்கிட்டு வாழ்றதுக்கு, தெரியாமலே போய்ச் சேர்ந்துடலாம்."

"பையோட வேலைக்குப் போறாங்கண்ணே. கார் ஓட்டுறாங்க. கல்யாண வீட்டுல ஓடியாடிப் பரிமாறுறாங்க."

"கதை அளக்காதீங்க. சட்டை மடிப்புக் கலையாம ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன தெரியும்? நாத்தம் தாங்காம வீட்டு ஜனமே ஒதுங்கிப் போயிடும். வயித்துல மலத்தைக் கட்டிக்கிட்டு இருக்கிறவன் பக்கத்துல எவன் உட்காருவான்? சொல்லுங்க, எவன் உட்காருவான்?"

அவர் வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்தார். பேண்ட்டுக்குள் செருகியிருந்த சட்டையை உருவி, ஒரு ஓரமாக மேலே தூக்கினார்.

தொப்புளுக்கு இடப்பக்கம், தோல் நிறத்தில் ஒரு பை ஒட்டியிருந்தது.

"காலையிலேருந்து நீங்கதான் அண்ணே உட்கார்ந்திருக்கீங்க."