வலி திரும்பிய வாரம்

பேஸ்ட் மூடி திறக்கவில்லை.

அவள் இன்னொரு முறை திருகிப் பார்த்தாள். விரல்கள் மூடியைச் சுற்றி வளையவே இல்லை. வலது கை நடுவிரலின் கணு வீங்கிப் பளபளத்தது.

பல்லால் கடித்துத் திறந்தாள்.

வாசலில் கணவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முழங்கையால் குழாயைத் தள்ளித் திறந்தாள். தண்ணீர் விழும் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் அழுதாள்.

வலிக்காக அல்ல. வலி அவளுக்குப் பழக்கம்.

ஆறு வருடமாக முடக்குவாதம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள் குணவதி. துணியைப் பிடிக்க முடியாமல் போனதும் நின்றுவிட்டாள். அதன் பிறகு தினமும் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவது கணவன் சென்னியப்பன்தான். கோணலாகத்தான் பின்னுவான். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வயிற்றில் கரு தங்கியது.

மூன்றாம் மாதம் வலி குறைந்தது. பிறகு காணாமலே போனது. தலையை அவளே பின்னிக்கொண்டாள்.

ஒரு நாள் சந்தையில், முன்னால் போய்க்கொண்டிருந்தவனைக் கூப்பிடச் சொடக்குப் போட்டாள். சத்தம் வந்தது. அவன் திரும்பினான். கூட்டத்துக்கு நடுவில் இருவரும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூட்டு டாக்டர் அம்மாவுக்கு ஆச்சரியமில்லை.

"நோயை எதிர்க்கிற சக்தின்னு ஒண்ணு உடம்புல இருக்கு. அது உங்களுக்கு ஆள் தெரியாம உங்க மூட்டையே அடிக்குது. வயித்துல இருக்கிற குழந்தை பாதி அப்பாவோடது. அந்தச் சக்திக்கு அது வெளியாள். அதை அடிச்சுடக் கூடாதுன்னு உடம்பு இப்போ கொஞ்சம் அடக்கி வாசிக்குது. அதுல உங்க மூட்டும் தப்பிச்சுது. நிறையப் பேருக்கு இப்படி ஆகும்."

"எத்தன நாளைக்குங்க?"

"பிரசவம் வரைக்கும். அதுக்கப்புறம் வலி திரும்பிடும்மா."

பேஸ்ட் மூடி திறக்காத அன்று பிரசவத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

வலி திரும்பியதை மூன்று நாள் அவனிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை, தலை வாராமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் சீப்பைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான்.

"வலி வந்துருச்சா புள்ள?"

"ம்."

"மார்கழிக் குளுரு. அதுக்குத்தான் இருக்கும்."

"ஸ்கேன் பாக்கோணுங்க."

"அதுக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடக்குதே."

"இன்னிக்கே பாக்கோணும்."

அவள் முகத்தைப் பார்த்தவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். எந்த ஊர், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேட்டாள். வயிற்றின் மேல் கருவி நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. விலகிப் போய் மறுபடி அங்கேயே வந்தது.

பேச்சு நின்றது.

"எத்தனாவது வாரம்னு சொன்னீங்க?"

"பதினெட்டு."

அந்தப் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பதினஞ்சு வார அளவுலயே நின்னுருக்கும்மா. துடிப்பு இல்ல."

இன்னொரு தடவை பாருங்கள் என்றான் சென்னியப்பன். அந்தப் பெண் பார்த்தாள். குணவதி மட்டும் பார்க்கவில்லை. சுவரில் ஒரு காலண்டர் போன மாதத்திலேயே கிடந்தது. அதைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்.

பெண் குழந்தை.

வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பார்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். விரல்கள் மடங்காததால் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினாள். ஏதோ பிரசாதம் வாங்குகிறவளைப் போல. எடையே இல்லை.

பத்து நாள் கழித்து மூட்டு டாக்டரிடம் போனார்கள். சென்னியப்பன்தான் பேசினான்.

"வலி வந்ததுனாலதான் கொழந்த போயிருச்சுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க. குழந்தை போனதாலதான் வலி வந்திருக்கணும்."

அவன் வெகு நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

டாக்டர் சீட்டு எழுதினார். குழந்தைக்காக ஒரு வருடத்துக்கு முன்பே நிறுத்திய மாத்திரை. வேறு மருந்து எதுவும் அவளுக்குக் கேட்டதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் போட்டால் போதும், விட்டால் விரல்கள் இப்படியே நின்றுவிடும் என்றார். எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்:

"இதைச் சாப்பிடுற வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது."

சீட்டின் மேலே வயது எழுதியிருந்தது. முப்பத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அட்டையிலிருந்து மாத்திரையை அவளால் பிதுக்க முடியவில்லை. அவன் வாங்கிப் பிதுக்கினான். மஞ்சள் நிறத்தில், மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக, அவன் உள்ளங்கையில் கிடந்தது.

தண்ணீர்ச் சொம்போடு நின்றான். கொடுக்கவில்லை.

"அடுத்த வாரத்துல இருந்து ஆரம்பிச்சுக்கலாமா புள்ள? கொழந்தைக்காக இன்னும் ஒரே ஒரு தடவ…"



அவள் அவனையே பார்த்தாள். அவனுடைய தாடியில் நரை ஏறியிருந்தது.

மாத்திரைக்காக வாயைத் திறந்தாள்.