நானூற்றுப் பதினேழாம் பிழை

பாளையங்கோட்டையில் உள்ள அந்த மென்பொருள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு பிழையை யார் பதிந்தாரோ, அவரே சரிபார்த்து மூட வேண்டும்.

பேருந்துச் செயலியின் நானூற்றுப் பதினேழாம் பிழையைப் பதிந்தவர் கோமதிசங்கர். சீவலப்பேரி பஸ் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும், செயலி ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றே காட்டியது. சரிசெய்யும் வேலை, அங்கேயே வேலை பார்த்த அவர் மனைவி விஜயஸ்ரீக்கு வந்தது. அவள் முடிப்பதற்குள், ஆடி மாதத்தில் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழிந்து வேலைக்கு வந்தவள், அதைச் சரிசெய்து தானே மூடினாள். மறுநாள் காலை அது திறந்திருந்தது. கீழே அவர் பெயரில் ஒரு வரி: “இன்னும் சரியாகலை, விஜி.” தினமும் மூடினாள். தினமும் அது திறந்தது.

“அண்ணாச்சி பேரைக் கம்ப்யூட்டர்லேருந்து அப்பவே எடுத்தாச்சேக்கா,” என்றான் குழுத் தலைவன் மணிராஜ். “வெள்ளிக்கிழமை செயலிய ஒப்படைக்கணும். ஒண்ணுகூடத் திறந்து கிடக்கக் கூடாது. எப்படியாவது பாருங்க.”

வியாழன் மாலை அவள் முதல்முறையாகப் பதில் எழுதினாள்: “எல்லாம் சரியாயிட்டு. விட்டுருங்க.”

காலையில் பிழை மூடியிருந்தது. “சரி விஜி, மூடிட்டேன்” என்றிருந்தது.

மணிராஜ் நிம்மதியாக டீ குடிக்கப் போனான். விஜயஸ்ரீ அந்த வரிக்குக் கீழே தேடினாள்; மூடிய பிழையில் அவர் இனி எழுத மாட்டார். பிறகு நிரலில் தான் திருத்தியவற்றையெல்லாம் ஒவ்வொரு வரியாக அழித்தாள்.

பத்தரை மணிக்குச் சீவலப்பேரி பஸ் ஊர் சேர்ந்தது; ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். அவள் கைப்பேசியில் அது வந்துகொண்டிருந்தது.