இருபத்தொரு பைட்

ரூபஸ் வழக்கம்போல முதலில் ஃபைல்களின் அளவுகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தான்.

மேனாம்பேடு ஃபிளாட்டில், அவன் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர். மண்ணூர்பேட்டையில், மாமனார் சம்பந்தத்தின் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே பெயரில் இன்னொன்று; இன்டர்நெட் வழியாக இரண்டையும் இங்கிருந்தே திறக்கலாம். இரண்டிலும் இருப்பது மச்சான் நிர்மலின் கல்யாணப் பத்திரிகை.

இங்கே சரிபார்த்து வைத்திருப்பதை அங்கே அனுப்பிவிட்டால் நிர்மல் கேட்டுக்கொண்ட வேலை முடிந்தது. பதினொரு மணிக்கு அச்சகத்து ஆள் மண்ணூர்பேட்டை வீட்டுக்கு வந்து பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் இங்கிருந்து ஒன்று போனால் அங்கே உள்ளது அழிந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பழக்கம்.

பிள்ளையார் படம், இரண்டு பக்கமும் ஒரே அளவு. அட்டை டிசைன், அதுவும் சரி.

பத்திரிகை வாசகம் மட்டும் ஒத்துப்போகவில்லை. அங்கே இருபத்தொரு பைட் கூடுதல். கடைசியாக மாற்றியது இன்று காலை ஆறு பத்துக்கு.

ரூபஸ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

வியாழக்கிழமையே நிர்மல் எல்லாம் திருத்தி, இதுதான் ஃபைனல் என்று அனுப்பிவிட்டான். 'தங்கள் வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே குடும்பத்தார் பெயர்கள். அதில் அக்கா தாட்சாயிணியின் பெயரைச் சேர்க்க அவன் அப்பாவோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினான். நான்கு வருடம் முன்பு ரூபஸைச் சர்ச்சில் கட்டிக்கொண்டு போன மகள்.

கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். மகள் பெயர் மட்டும்.

மற்றவர்களெல்லாம் ஜோடி ஜோடியாக இருக்க, அவள் பெயர் ஒற்றையாக நின்றது.

"நான் போகல," என்றாள் தாட்சாயிணி அன்றைக்கே.

"தம்பி கல்யாணம். போயிட்டு வா," என்றான் ரூபஸ். அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் இரண்டு நாளாக வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

இப்போது அளவு கூடியிருக்கிறது, குறையவில்லை. அவள் பெயரை எடுத்துவிடவில்லை என்பதே முதலில் நிம்மதியாக இருந்தது.

பிறகு கணக்குப் போட்டான். போன் நம்பர் என்றால் பத்து பைட்தான். தமிழ் என்றால் எழுத்துக்கு மூன்று. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக மூன்று மூன்று. இருபத்தொன்று என்றால் ஒரு சின்னப் பெயருக்குத்தான் வரும். பெயர் விட்டுப்போனதென்று பெரியப்பா வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்த ஃபைலைத் திறந்தான்.

தாட்சாயிணி - ரூபேஸ்.

இரண்டு தடவை படித்தான். மனைவியைக் கூப்பிட மேசையைத் தட்டினான்.

தோசை மாவுக் கையோடு வந்தவள் குனிந்து பார்த்தாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சட்டையெல்லாம் மாவு.

"கொம்பு ஒண்ணு அதிகமா இருக்கு," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அத்தை அடிச்சிருப்பாங்களோ?"

"அம்மாவுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாது."

நான்கு வருடத்தில் மாமனார் ஒரு தடவைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. 'அந்தப் பையன்' என்பதோடு சரி. எழுத்தில் எங்கேயும் பார்த்திருக்கவும் மாட்டார். காதில் விழுந்ததை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருக்கிறார்.

ரூபஸ் அந்தக் கொம்பை அழிப்பதற்காகக் கர்சரைக் கொண்டுபோய் வைத்தான். போன் அடித்தது. நிர்மல்.

"மாமா, ஃபைல் அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அனுப்பாதீங்க. அப்பா காலைல எழுந்து அதுல இன்னாவோ பண்ணிகினு இருந்தாரு. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. உங்களைத்தான் கேக்கச் சொல்றாரு, எழுத்து சரியா கீதான்னு."

நிர்மலுக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.

தாட்சாயிணி கணவனின் முகத்தையே பார்த்தாள். ரூபஸ் எதையும் தொடாமல் ஃபைலை மூடினான்.

"சரியா இருக்குன்னு சொல்லு."